கொலுசுச் சத்தமும் ஜீரோ நாலெட்ஜ் புரூஃபும்

சேலத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் அறை எடுக்கப் போனால் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். எனக்கு 18 வயது முடிந்துவிட்டது என்பதை மட்டும், வேறு எதையும் காட்டாமல் நிரூபிக்க ஜீரோ நாலெட்ஜ் புரூஃப் உதவும் என்று படித்தேன். பிறந்த தேதியை ஹாஷ் செய்து கொடுத்தாலே போதாதா? இதெல்லாம் உண்மையில் எங்காவது ஓடுகிறதா, இல்லை தாளில் மட்டும்தானா?"

தம்பி, ஹாஷில் இருந்தே தொடங்குகிறேன், நிறையப் பேர் சறுக்குவது அங்கேதான். ஹாஷ் என்பது எந்தத் தகவலையும் ஒரு நீண்ட எண்ணாக அரைத்துத் தரும் கணக்கு: ஒரே தகவலுக்கு எப்போதும் ஒரே எண், எண்ணில் இருந்து தகவலுக்கு நேராகத் திரும்ப வழி இல்லை. நூறு வருடத்துக்கு மொத்தம் 36,525 நாட்கள். அத்தனை தேதிகளையும் ஹாஷ் செய்து, நீங்கள் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க லாட்ஜ் மேசையில் இருக்கும் பழைய கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். கைபேசி எண்ணும் இதே கதைதான்: பத்து இலக்கம், ஆயிரம் கோடிக்குள் அடங்கிவிடும். சரி, தேதியோடு ஒரு பெரிய ரேண்டம் எண்ணைச் சேர்த்து ஹாஷ் செய்தால்? அப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் யாராலும் சரிபார்க்கவும் முடியாது. பூட்டிய பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு "உள்ளே இருப்பது 2004, நம்புங்கள்" என்று சொல்வது போல அது. பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நம்பவைக்க முடியுமா என்பதுதான் மொத்தக் கேள்வியும்.

தமிழில் இதைப் 'பூஜ்ய அறிவு நிரூபணம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அறிவே இல்லாத ஆள் நிரூபிக்கிற மாதிரி ஒலிப்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை. ஜீரோ நாலெட்ஜ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

என் மாமா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை பார்த்தவர். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கொலுசுகளில் எது கூடுதல் டச் (வெள்ளியின் சுத்தம்), எது குறைவு என்று காதருகே குலுக்கியே சொல்வேன் என்பார். வீட்டில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஒருமுறை எல்லோரும் வேனில் ஏற்காடு போனோம். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. வளைவுக்கு ஒரு சோதனை என்று முடிவானது. நான் இரண்டு கொலுசுகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடம் மாற்றியோ மாற்றாமலோ எடுத்து வருவேன். மாற்றினேனா என்பது எனக்கு மட்டும் தெரியும். மாமா கண்ணை மூடிக் குலுக்கிக் கேட்டுவிட்டு "மாத்திட்ட" அல்லது "மாத்தல" என்று சொல்ல வேண்டும்.

சும்மா ஊகிக்கிற ஆள் ஒரு வளைவில் தப்பிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 20 வளைவிலும் தப்பிக்க 10,48,576-ல் ஒரு வாய்ப்பு. மாமா 19 சரியாகச் சொன்னார். ஒன்று தவறியது, அந்த வளைவில் எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்ததால் என்றார். அந்த ஒரு தவறை மன்னித்தாலும், ஊகத்தில் 19-க்குக் குறையாமல் சரியாகச் சொல்ல 50,000-ல் ஒரு வாய்ப்புதான். அதனால் நம்பினோம். இரண்டு கொலுசும் வேறு வேறு, மாமாவுக்கு அது காதில் கேட்கிறது. ஆனால் எது நல்ல வெள்ளி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படிக் கேட்பது என்றும் தெரியாது.

ஏன் தெரியவில்லை? பெரும்பாலான விளக்கங்கள் தாண்டிப் போகும் இடம் இது. ஒவ்வொரு வளைவிலும் மாமா சொன்ன பதில் எனக்கு முன்பே தெரிந்த பதில். மாற்றியவன் நானே. முன்பே தெரிந்ததை ஒருவர் திரும்பச் சொன்னால் அதில் புதிதாக என்ன கிடைக்கும்? அந்த 20 கேள்வி பதில்களையும் நானே வீட்டில் உட்கார்ந்து, மாமா இல்லாமலே எழுதியிருக்க முடியும். என் தம்பியை உட்காரவைத்து, முன்கூட்டியே பேசிவைத்து, அதே மாதிரி ஒரு வீடியோவும் எடுத்திருக்க முடியும். பார்ப்பவருக்கு எது அசல், எது நடிப்பு என்று பிரிக்கவே முடியாது. ஜீரோ நாலெட்ஜ் என்பதன் வரையறையே இதுதான்: சரிபார்ப்பவர் பார்த்த உரையாடலை, ரகசியம் தெரியாத ஒருவராலும் தயாரிக்க முடிய வேண்டும். அப்படித் தயாரிக்கும் நிரலுக்கு சிமுலேட்டர் என்று பெயர். நிரூபணத்தில் இருந்து 'ரகசியம் கசியவில்லை' என்று யாராவது சொன்னால், "சிமுலேட்டர் எங்கே?" என்று கேளுங்கள்.

இதிலேயே இன்னொன்றும் வருகிறது. அந்த வேன் பயணத்தை வீடியோ எடுத்து நான் உங்களுக்கு அனுப்பினால் நீங்கள் நம்பக் கூடாது. நேரில் நின்று, மாற்றுவதா வேண்டாமா என்று தானே முடிவு செய்தவருக்கு மட்டும்தான் அது நிரூபணம்.

அப்புறம் ஒரு ஓட்டை. நான் நேர்மையாக ஆடினேன். அப்படி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு எனக்கே தெரியாதபடி கொலுசுகளைக் கலைத்துவிட்டு "மாற்றினேனா?" என்று கேட்டிருந்தால்? இப்போது மாமாவின் பதில் எனக்குப் புதிய செய்தி. அவர் காதை நான் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறேன். நேர்மையான சரிபார்ப்பவரிடம் மட்டும் கசியாதது, எப்படிப்பட்ட ஏமாற்றுக்காரரிடமும் கசியாதது என்று இரண்டு தரம் இருக்கிறது. பாடத்தில் இரண்டையும் குழப்பினால் தேர்வில் மதிப்பெண்தான் போகும். வேலையில் குழப்பினால் வேறு ஏதாவது போகும்.

இந்த வரையறையை முதலில் எழுதியவர்கள் ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்லஸ் ராக்காஃப். ஆண்டு 1985. மாநாடுகள் பலமுறை நிராகரித்த பிறகுதான் அந்தக் கட்டுரை வெளிவந்தது. கணினியியல் கோட்பாட்டுக் கட்டுரைகளுக்காக 1993-ல் முதன்முதலாக வழங்கப்பட்ட கோடல் பரிசைப் பெற்ற கட்டுரைகளில் அதுவும் ஒன்று. கோல்ட்வாசரும் மிக்காலியும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதையும் 2012-ஆம் ஆண்டுக்கு வாங்கினார்கள்.

கொலுசு விளையாட்டு அழகாக இருக்கிறது, ஆனால் வயது, வங்கி இருப்பு, கையொப்பம் இதற்கெல்லாம் எப்படிப் பொருந்தும்? 1986-ல் கோல்ட்ரைக், மிக்காலி, விக்டர்சன் மூவரும் ஒரு பெரிய கதவைத் திறந்தார்கள். விடையைக் கையில் கொடுத்தால் வேகமாகச் சரிபார்க்கக் கூடிய எந்தக் கணக்குக்கும், அதாவது என்பி வகைக் கணக்கு அனைத்துக்கும், ஜீரோ நாலெட்ஜ் நிரூபணம் உண்டு என்று காட்டினார்கள். பூட்டிய பெட்டி போன்ற ஒரு கருவி கணினியில் சாத்தியம் என்பது மட்டும்தான் நிபந்தனை. அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு மூவண்ணக் கணக்கு.

ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு சீரியல் லைட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றே நிறம். ஒட்டிய இரண்டு தெருவுக்கு ஒரே நிறம் வரக் கூடாது. ஒரு லைட்காரர் "என்னிடம் பிளான் இருக்கிறது" என்கிறார். விழாக் குழுவோ பிளானைப் பார்க்காமல் அட்வான்ஸ் தராது. பிளானைக் காட்டினால் அதை இன்னொரு மலிவான ஆளிடம் கொடுத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். (பயம் நியாயமானதுதான்.)

அவர் தரையில் தெரு வரைபடம் போட்டு, ஒவ்வொரு தெரு மேலும் ஒரு நிறச் சீட்டை வைத்து எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்க்கிறார். குழு ஏதாவது ஒட்டிய இரண்டு தெருக்களைத் தேர்ந்தெடுத்து, அந்த இரண்டு டம்ளரை மட்டும் தூக்கிப் பார்க்கும். இரண்டும் வேறு நிறமா? சரி. பிறகு எல்லாரும் வெளியே போக, அவர் மூன்று நிறங்களையும் தமக்குள் இடம் மாற்றி, சிவப்பு இருந்த இடமெல்லாம் மஞ்சள், மஞ்சள் இருந்த இடமெல்லாம் பச்சை என்பது போல, புதிதாக வைக்கிறார். மறுபடி இரண்டு டம்ளர். ஒவ்வொரு தடவையும் நிறங்கள் மாறிவிடுவதால் போன சுற்றில் பார்த்ததையும் இந்தச் சுற்றில் பார்த்ததையும் ஒட்டவைக்கவே முடியாது. குழு பார்ப்பதெல்லாம் ஏதோ இரண்டு வேறு வேறு நிறங்கள், அவ்வளவுதான். அதை யார் வேண்டுமானாலும் பிளான் இல்லாமலே எழுதிவிடலாமே! சிமுலேட்டர் வந்துவிட்டது பாருங்கள்.

ஏமாற்றுகிறவரிடம் எங்கேயாவது ஓரிடத்தில் ஒட்டிய தெருக்கள் ஒரே நிறத்தில் இருந்தே தீரும். 100 ஒட்டுதல்கள் இருந்தால் ஒரு சுற்றில் பிடிபட 100-ல் ஒரு வாய்ப்பாவது உண்டு. 1,000 சுற்று ஆடினால் தப்பிக்கும் வாய்ப்பு 20,000-ல் ஒன்றுக்கும் கீழே. கணினியில் டம்ளருக்குப் பதில் நீங்கள் கேட்ட அதே ஹாஷ், ரேண்டம் எண் சேர்த்த ஹாஷ். ஆக உங்கள் யோசனை தவறில்லை, பாதி வழியில் நின்றுவிட்டது.

என்பி வகைக் கணக்கு எதையும் மூவண்ணக் கணக்காக மாற்றலாம் என்பது உண்மைதான், ஆனால் நடைமுறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆயிரக்கணக்கான சுற்று யாருக்குக் கட்டுப்படியாகும்? தினசரி வேலைக்கு வந்தது 1989-ல் ஷ்னோர் கொடுத்த முறை. சிறிய எண்களில் கையால் போட்டுப் பாருங்கள்.

எல்லாப் பெருக்கலையும் 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2-ஐ அடிப்படையாக எடுத்தால் அதன் 11-ஆம் அடுக்கு மறுபடி 1 ஆகிவிடும், அதனால் அடுக்குகளை 11-ஆல் வகுத்த மீதியாகக் கணக்கிடலாம். என் ரகசியம் 7. 2-இன் 7-ஆம் அடுக்கு 128, மீதி 13. இந்த 13-ஐ ஊருக்கே சொல்லிவிட்டேன். இப்போது "எனக்கு 7 தெரியும்" என்று, 7 என்பதைச் சொல்லாமல் நிரூபிக்க வேண்டும். ஒரு ரேண்டம் எண்ணாக 4-ஐ எடுத்து, 2-இன் 4-ஆம் அடுக்கான 16-ஐ உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் ஒரு சவால் எண் தருகிறீர்கள், 3 என்று வையுங்கள். நான் 4 + 3 × 7 = 25, 11-ஆல் வகுத்த மீதி 3 என்று பதில் அனுப்புகிறேன். நீங்கள் சரிபார்ப்பது: 2-இன் 3-ஆம் அடுக்கு 8. மறுபக்கம், 16-ஐ 13-இன் 3-ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். 13-இன் கனம் மீதி 12, 16 × 12 = 192, மீதி 8. ஒத்துப்போகிறது.

இதற்கு சிமுலேட்டர் எங்கே? சவாலையும் பதிலையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: சவால் 2, பதில் 5. இதற்குப் பொருந்தும் முதல் செய்தி (மேலே 16 இருந்த இடம்) என்ன என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் 4 என்று வரும். 4, 2, 5 என்ற இந்த மூன்றும் சரிபார்ப்பில் தேறும், 7 தெரியாமலே. வரிசையை மாற்றி எழுத முடிகிறது என்பதால் பதிவில் ரகசியம் இல்லை. நேரில் வரிசையை மாற்ற முடியாது என்பதால் நிரூபணம் நிற்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் முட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துதான் எனக்கு இந்தத் துறைமேல் பைத்தியம் பிடித்தது. (சவால் எண்ணை நேர்மையாக, ரேண்டமாக எடுப்பவருக்குத்தான் இந்த உறுதி என்பதை மாமா கதையோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.)

அந்த ரேண்டம் 4-ஐ மறுமுறை பயன்படுத்தினால் கதை முடிந்தது. அதே 16-க்குச் சவால் 5 வந்தால் பதில் 4 + 35 = 39, மீதி 6. இரண்டு பதில்களின் வித்தியாசம் 3, சவால்களின் வித்தியாசம் 2. 11-இன் கணக்கில் 3-ஐ 2-ஆல் வகுத்தால் 7. ரகசியம் நடுத்தெருவில். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், சோதனைக்காக ரேண்டம் எண்ணை நிலையாக வைத்திருந்த ஒரு வரி அப்படியே உண்மையான சர்வருக்குப் போய்விட்டது. பதிவேட்டில் ஒரே முதல் செய்தி இரண்டு முறை வந்திருப்பதை ஒரு மதியம் தற்செயலாகப் பார்த்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. எல்லாச் சாவிகளையும் மாற்றி முடிக்க மூன்று நாள் ஆனது.

ஒவ்வொரு தடவையும் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து சவால் கொடுக்க முடியாது. 1986-லேயே ஃபியட், ஷமிர் இருவரும் வழி சொன்னார்கள்: முதல் செய்தியை ஹாஷ் செய்து, அந்த ஹாஷையே சவாலாக எடுத்துக்கொள். நிரூபிப்பவரால் ஹாஷை வளைக்க முடியாது என்பதால் அது நேர்மையான ஆள் மாதிரி நடந்துகொள்கிறது. இங்கே ஒரு கண்ணி. ஹாஷுக்குள் முதல் செய்தியை மட்டும் போட்டு, எதை நிரூபிக்கிறோம் என்பதை, நம் கணக்கில் அந்த 13-ஐ, போடாமல் விட்டால்? முதலில் பதிலை எழுதிவிட்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி கேள்வியை அப்புறம் தயாரித்துக்கொள்ளலாம். தேர்வுத் தாளை மாணவனே அச்சடிப்பது போல. 2022-ல் ட்ரெய்ல் ஆஃப் பிட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் பல நிரல்களில் இந்தக் கோளாறைக் கண்டுபிடித்து 'ஃப்ரோசன் ஹார்ட்' என்று பெயர் வைத்தது. எல்லாம் கைதேர்ந்தவர்கள் எழுதிய நிரல்கள்தான்.

அடுத்து, நீங்கள் எல்லா இடத்திலும் பார்க்கும் ஸ்நார்க் என்ற சுருக்கமான நிரூபண முறை. நிரூபிக்க வேண்டியதை ஒரு கணிதச் சுற்றாக (சர்க்யூட் போல, கூட்டல் பெருக்கல் படிகளின் கோவையாக) எழுதிவிட்டால், அது எத்தனை லட்சம் படிகள் இருந்தாலும் நிரூபணம் மிகச் சிறியதாக வரும். 2016-ல் யென்ஸ் குரோத் கொடுத்த முறையில் மூன்றே மூன்று வளைகோட்டுப் புள்ளிகள், அதாவது சில பெரிய எண்கள். பரவலாகப் பயன்படும் ஒரு வளைகோட்டில் மொத்தம் 192 பைட், இரண்டு எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிடும். ஆனால் தொடக்கத்தில் ஒருமுறை ரகசிய எண்களை வைத்துப் பொது அளவுருக்களை (எல்லோரும் பயன்படுத்தும் எண்களை) தயாரித்து, அந்த ரகசியங்களை அழித்துவிட வேண்டும். அழிக்காமல் வைத்திருப்பவர் எந்தப் பொய்யையும் 'நிரூபிக்கலாம்'. துறையில் அதற்கு நச்சுக்கழிவு என்றே பெயர்.

ஸீகேஷ் என்ற கிரிப்டோ நாணயம் 2016 அக்டோபரில் தொடங்கியபோது ஆறு பேர் வேறு வேறு இடங்களில் இருந்து ஆளுக்கொரு பங்கைத் தயாரித்து அழித்தார்கள். ஆறில் ஒருவர் நேர்மையாக இருந்தாலும் போதும் என்பது ஏற்பாடு. புனைபெயரில் பங்கெடுத்த ஒருவர், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்நோடென் என்று 2022-ல் தெரியவந்தது. இவ்வளவு கவனமாக இருந்தும் 2018 மார்ச்சில் அங்கேயே வேலை பார்த்த ஏரியல் கபிசான் ஓர் ஓட்டையைப் பார்த்தார். அடிப்படைக் கட்டுரையில் இருந்த பிழையால், வெளியிடவே கூடாத சில அளவுருக்கள் வெளியாகியிருந்தன. அவற்றை வைத்துக் கள்ள நாணயம் அடிக்கலாம். வெகு சிலருக்கு மட்டும் சொல்லி, அந்த அக்டோபர் மாத மேம்பாட்டோடு சத்தமில்லாமல் சரிசெய்து, 2019 பிப்ரவரியில்தான் வெளியே சொன்னார்கள். யாராவது அதற்குள் அடித்துவிட்டார்களா? அடித்ததற்கான தடயம் எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் தொகையையே மறைக்கிற நாணயத்தில் கள்ள நோட்டும் மறைந்துகொள்ளும். இந்தத் தொழில்நுட்பத்தை விற்பவர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் பேசமாட்டார்கள்.

நச்சுக்கழிவே இல்லாத வழி ஸ்டார்க், 2018-ல் எலி பென்-சாசன் குழு முன்வைத்தது. ஹாஷ் மட்டும்தான் அடிப்படை, அதனால் குவாண்டம் கணினி வந்தாலும் தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். விலை, அளவு: பைட்டில் இல்லை, பத்து, நூறு கிலோபைட்டில் போகும். இதன் பாட்டன் 1992-ன் பிசிபி தேற்றம். அதை நிறுவியவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த மது சூடான். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம் அல்லவா? ஒரு மூலையில் மட்டும் வேகாமல் இருந்தால் அந்தப் பழமொழி கைவிட்டுவிடும். பிசிபி செய்வது என்னவென்றால், எங்கோ ஒரே ஒரு பருக்கை வேகாமல் இருந்தாலும் அது பானை முழுக்கத் தெரியும்படி நிரூபணத்தை மாற்றி எழுதுவது. அப்புறம் நாலு பருக்கையைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

எத்திரியம் என்ற பிளாக்செயினின் 'ஜீரோ நாலெட்ஜ் ரோலப்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை எதையும் மறைப்பதில்லை. ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் வேலையைச் சுருக்கத்தான் நிரூபணம். பரிவர்த்தனைகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சரி, உங்கள் லாட்ஜ். ஆதார் அட்டையின் கியூஆர் கட்டத்துக்குள் இருக்கும் தகவல்மேல் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. 'இந்தக் கையொப்பம் செல்லும், உள்ளே இருக்கும் பிறந்த தேதிப்படி 18 வயது முடிந்துவிட்டது' என்பதை ஸ்நார்க் சுற்றாக எழுதிவிடலாம். அனான் ஆதார் என்ற திறந்த மூலத் திட்டம் இதைச் செய்தும் காட்டியிருக்கிறது. கூகுள் 2025-ல் வயதுச் சரிபார்ப்புக்கான தன் ஜீரோ நாலெட்ஜ் நிரலை வெளியிட்டது. ஆகவே தாளில் மட்டும் இல்லை, கைபேசியிலேயே ஓடுகிறது.

ஆனால் இரண்டு விஷயங்கள். நிரூபணம் சொல்வது 'கையொப்பமிட்ட ஆவணம் ஒன்று இந்தக் கைபேசியில் இருக்கிறது' என்பதை மட்டும்தான். அது உங்கள் ஆவணமா, உங்கள் அண்ணனுடையதா என்று அதற்குத் தெரியாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, லாட்ஜ்காரருக்கு வேண்டியது வயது இல்லை. பதிவேட்டில் எழுதப் பெயரும் முகவரியும் வேண்டும், காவல்துறை வந்து கேட்டால் காட்ட. பெயரையே கேட்பவரிடம் பெயரை மறைக்கும் நிரூபணம் நீட்டி என்ன பயன்? முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரைக் கொடுங்கள், ஜெராக்ஸ்மேல் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று குறுக்கே எழுதுங்கள். ஜீரோ நாலெட்ஜ் பொருந்துவது பெயர் தேவையே இல்லாத இடத்தில், வயது வரம்பு வைத்த இணையதளம் மாதிரி.

கற்க நினைத்தால் ஸ்நார்க் நூலகங்களைத் தொடுவதற்கு முன் மேலே உள்ள 23, 11, 2 கணக்கைப் பைத்தானில் எழுதுங்கள், முப்பது வரிகூட வராது. சிமுலேட்டரைத் தனியாக எழுதுங்கள். அசல் உரையாடல்கள் ஆயிரம், சிமுலேட்டர் தயாரித்தவை ஆயிரம், இரண்டையும் கலந்து வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுங்கள். எது எது என்று அவர் பிரித்துக் காட்டிவிட்டால், உங்கள் ரேண்டம் எண் வரும் வரியை முதலில் போய்ப் பாருங்கள்.